ஒரே கடல், ஒரே கணக்கு: மீன்பிடிப்பும் கடல் பாதுகாப்பும்

தொழிலுக்காக வலை விடுபவர்கள், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள், கடல் உயிர்களைக் காக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் என மூன்று தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது உலகின் பல கரைகளில் நடக்கிறது. மீனின் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பிரிவினைக்குப் பொருள் இல்லை. இழுவலையில் நசுங்கிச் செத்தாலும், தூண்டிலில் மாட்டி விடுவிக்கப்பட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செத்தாலும், அடுத்த பருவத்தில் முட்டையிட ஒரு மீன் குறைந்துவிட்டது.

அதனால் சமநிலை என்பதை மூன்று தரப்புக்கிடையிலான சமரசமாகப் பார்ப்பதைவிட ஒரு கணக்காகப் பார்ப்பதே சரி. யார் கையால் செத்தாலும் எல்லாச் சாவும் ஒரே பேரேட்டில் ஏற வேண்டும். அந்த மொத்தத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். பங்கு பிரிப்பதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தலைகீழான இடங்களில் மீனும் போயிருக்கிறது, பிழைப்பும் போயிருக்கிறது.

எவ்வளவு பிடிக்கலாம்?

ஒரு கடற்பகுதியில் வாழ்ந்து, தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே இன மீன்களின் கூட்டத்தை 'மீன் இருப்பு' என்பார்கள். பிடிப்பே இல்லாத கடலில் அந்த இருப்பு ஓர் உச்ச அளவில் நின்றுவிடும். இரையும் இடமும் அதற்கு மேல் போதாது. புதிதாகப் பிறப்பவை, வளர்ந்து எடை கூடுபவை, இயற்கையாகச் சாகிறவை மூன்றும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். இருப்பு கொஞ்சம் குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது. குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. ஆண்டுதோறும் ஒரு உபரி உண்டாகிறது. பிடிக்கத்தக்கது இந்த உபரிதான்.

இதற்கான எளிய மாதிரியை ஷேஃபர் என்ற மீன்வள அறிஞர் 1954இல் வெளியிட்டார். அதை ஒரு கற்பனை இருப்பில் போட்டுப் பார்க்கலாம். உச்ச அளவு 10,000 டன். நெருக்கடி இல்லாதபோது ஆண்டுக்கு 40 சதவீதம் பெருகும் இனம் என்று வைத்துக்கொள்வோம். கடலில் 9,000 டன் மீன் இருந்தால் ஆண்டு உபரி 360 டன். 5,000 டன் இருந்தால் 1,000 டன். 2,000 டன் மட்டுமே இருந்தால் 640 டன். அதாவது இருப்பு பாதியாக இருக்கும்போது உபரி மிக அதிகம். இந்த 1,000 டன்னைத்தான் 'நீடித்துப் பெறக்கூடிய உச்சப் பிடிப்பு' என்கிறார்கள்.

இப்போது அதே 5,000 டன் இருப்பிலிருந்து ஆண்டுக்கு 1,000 டன்னுக்குப் பதில் 1,200 டன் எடுப்போம். மிகை 20 சதவீதம்தான். ஐந்தாம் ஆண்டு முடிவில் கடலில் சுமார் 3,950 டன் இருக்கும். படகுக்காரர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. பத்தாம் ஆண்டு முடிவில் 2,410 டன். பதின்மூன்றாம் ஆண்டு முடிவில் சுமார் 640 டன். பதினான்காம் ஆண்டில் 1,200 டன் எடுக்கக் கடலில் மீனே இருக்காது. சரிவு முதலில் மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் வேகமெடுக்கிறது. காரணம், இருப்பு குறையக் குறைய உபரியும் குறைகிறது. எடுப்பு மட்டும் குறையவில்லை. பதின்மூன்று ஆண்டும் கரைக்கு வந்த மீன் அதே 1,200 டன்தான் என்பதைக் கவனியுங்கள். கரையில் இறங்கும் மீனை மட்டும் பார்த்துக் கடலின் நிலையைச் சொல்ல முடியாது.

உண்மைக் கடல் இந்த மாதிரியைவிட முரடானது. சில ஆண்டுகளில் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைக்கும், சில ஆண்டுகளில் அறவே பிழைக்காது. இருப்பை மதிப்பிடுவதிலும் பிழை இருக்கும். அதனால் உச்சப் பிடிப்பை இலக்காக வைக்கக் கூடாது, தாண்டக்கூடாத கூரையாக வைத்து அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2021 நிலவரத்தில் உலகில் மதிப்பிடப்பட்ட கடல் மீன் இருப்புகளில் 37.7 சதவீதம் அளவு மீறிப் பிடிக்கப்பட்டவை.

கடலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மூன்று வகைத் தகவல் தேவை. முதலாவது, எவ்வளவு செத்தது. இரண்டாவது, தொழிலோடு தொடர்பில்லாத ஆய்வுக் கப்பல், ஆண்டுதோறும் ஒரே மாதிரி வலையை ஒரே முறையில் இழுத்து எடுக்கும் மாதிரிப் பிடிப்பு. மூன்றாவது, மீனின் வயது. மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை நறுக்கி உருப்பெருக்கியில் வைத்தால் மரத்தில் உள்ளதைப் போல ஆண்டு வளையங்கள் தெரியும். வயது முதிர்ந்த மீன்கள் மாதிரியில் காணாமல் போகத் தொடங்கினால், இருப்பு வெளியில் எவ்வளவு வளமாகத் தெரிந்தாலும் நெருக்கடி வந்துவிட்டது.

ஆய்வுக் கப்பலை ஏன் வலியுறுத்த வேண்டியிருக்கிறது? படகுகளின் பிடிப்பு விகிதம் ஏமாற்றும். கூட்டமாகச் சேரும் மீன்கள் எண்ணிக்கை குறைந்த பிறகும் கூட்டமாகவே சேரும். கூட்டங்களின் எண்ணிக்கைதான் குறையும். ஒலியலைக் கருவியால் கூட்டத்தைத் தேடிப் போகும் கப்பலுக்கு ஒவ்வொரு முறையும் வலை நிறையும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இருந்த வடக்குக் காட் மீன் விஷயத்தில் இதுதான் நடந்தது. 1968இல் அங்கே பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. 1980களில் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தை நம்பி இருப்பை மிகையாக மதிப்பிட்டார்கள். கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொன்னது எடுபடவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை 2024இல்தான் நீங்கியது. அப்போது அனுமதிக்கப்பட்ட மொத்தப் பிடிப்பு 18,000 டன்.

பேரேட்டில் ஏறாத சாவுகள்

கரையில் எடை போட்ட மீன் கணக்கின் ஒரு பகுதிதான். வலையில் வந்து வேண்டாம் என்று கடலில் கொட்டப்பட்ட மீன், அறுந்து போன வலையும் தொலைந்த நண்டுக் கூடும் கடலடியில் கிடந்து தொடர்ந்து கொல்லும் மீன், அறிவிக்காமல் பிடித்தது, தூண்டிலில் இருந்து விடுவித்த பின் செத்தது ஆகியவையும் சேர வேண்டும். தொழில்முறை மீன்பிடிப்பில் பெரிய ஓட்டை கொட்டப்பட்ட மீன். பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் பெரிய ஓட்டை விடுவிக்கப்பட்ட மீன். இரண்டும் கடலிலேயே மறைந்துவிடுவதால் இரு தரப்பும் அதைத் தங்கள் கணக்கில் சேர்க்கத் தயங்குகின்றன.

வலைக்காரர்கள் பக்கம்: வரம்பும் கருவியும்

மொத்தப் பிடிப்புக்கு ஒரு வரம்பு வைத்து, 'முடியும்வரை யார் வேண்டுமானாலும் பிடியுங்கள்' என்று விட்டால் போட்டி ஓட்டம் தொடங்கும். அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனின் பிடிப்புப் பருவம் இப்படித்தான் சுருங்கியது. 1990களின் தொடக்கத்தில் சில பகுதிகளில் பருவம் 24 மணி நேரத் திறப்புகளாகிவிட்டது. புயல் அடித்தாலும் அன்றே போக வேண்டும். நேரம் போதாமல் தூண்டில் கயிறுகளை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு வருவார்கள். அதில் மாட்டியவை வீணாகச் செத்தன. மொத்த மீனும் ஒரே நாளில் சந்தைக்கு வந்து விலையும் விழுந்தது. 1995இல் மொத்த வரம்பைப் படகுக்காரர்களின் தனிப்பங்குகளாகப் பிரித்தார்கள். பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக விரிந்தது. தன் பங்கு தனக்கே என்று உறுதியானதும் அவசரத்துக்கு வேலை இல்லாமல் போனது.

தனிப்பங்கு முறைக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பங்கை விற்க முடியும் என்றால் பணம் உள்ளவர் கையில் அது குவியும். சிறு ஊர்கள் மீன்பிடி உரிமையே இல்லாமல் நிற்கும். அலாஸ்காவில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பங்குக்கு உச்ச வரம்பு, படகின் நீளத்தைப் பொறுத்த பங்கு வகைகள், பல பங்குகளுக்கு உரிமையாளரே படகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் இதற்காகவே வைக்கப்பட்டன. இவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பங்கு கைமாறிய பிறகு திருப்பி வாங்குவது மிகக் கடினம்.

கருவிகளுக்கு வருவோம். இறால் இழுவலையில் ஆமை சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். அதைத் தடுக்க வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்துகிறார்கள். கம்பிகளுக்கு இடையே அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் இடைவெளி. இறால் இடுக்கில் புகுந்து பின்னால் உள்ள பைக்குப் போகும். ஆமை கம்பியில் முட்டி, சாய்வின் வழியே நழுவி, திறப்பின் வழியே வெளியேறும். அமெரிக்க விதிப்படி சட்டத்தின் சாய்வு 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஆமை நழுவாமல் கம்பியோடு அழுந்திக்கொள்ளும், கட்டையும் பாசியும் அடைக்கும். அதைவிடப் படுத்திருந்தால் இறால் திறப்பின் வழியே வெளியேறும். வலை நனைந்து நீளும்போது இந்தச் சாய்வு மாறிவிடுகிறது. அதனால் பொருத்திய நாளில் அளந்தது போதாது, அவ்வப்போது மீண்டும் அளக்க வேண்டும். இறால் வீணாகிறது என்று கோபப்பட்டுச் சிலர் திறப்பையே தைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே குறை சட்டத்தில் இல்லை, சாய்வில்தான்.

வலைக் கண்ணியின் வடிவமும் முக்கியம். வைர வடிவக் கண்ணி, பை நிறைந்து கயிறு இறுகும்போது நீளவாக்கில் மூடிக்கொள்ளும். விதிப்படி பெரிய கண்ணி போட்டிருந்தும் குஞ்சு தப்ப வழி இருக்காது. சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே இருக்கும். வலைக்குள் ஹேடாக் மீன் மேல்நோக்கி எழும், காட் மீன் அடியிலேயே தங்கும். ஆகவே சதுரக் கண்ணிப் பட்டையை வலையின் மேற்பக்கத்தில் வைப்பதா, வலையையே மேல் கீழ் என இரண்டாகப் பிரிப்பதா என்பதை எந்த மீனைத் தப்பவிட வேண்டும் என்பது முடிவு செய்கிறது. மீனின் நடத்தை தெரியாமல் வலையை மாற்றினால் பலன் இல்லை.

ஒரே நீண்ட கயிற்றில் பல முட்களைக் கட்டி விடும் நெடுங்கயிற்றுத் தூண்டிலில் ஆமை மாட்டுவதைப் பெரிய வட்டத் தூண்டில் முள்ளும், கணவாய்க்குப் பதில் மீன் இரையும் வெகுவாகக் குறைக்கின்றன. கணவாய் ரப்பர்போல இழுபடுவதால் ஆமை அதை முள்ளோடு விழுங்கிவிடும். மீன் இரையானால் அதைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். அதே தூண்டிலில் கடற்பறவைகள் மாட்டாமலிருக்க, கயிற்றுக்கு எடை கட்டி விரைவாக மூழ்கடிப்பது, இரவில் விடுவது, படகின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றைப் பறக்கவிடுவது ஆகிய மூன்றையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள். நண்டு, சிங்கி இறால் கூடுகளில் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் கட்டுவது மலிவான, அருமையான ஏற்பாடு. கூடு தொலைந்தால் நூல் மட்கி அந்தப் பக்கம் திறந்துகொள்ளும்.

வேண்டாத மீனைக் கடலில் கொட்டுவதையே தடை செய்தால்? ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019 வரை படிப்படியாக, வரம்புக்கு உட்பட்ட இனங்களைக் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. உடனே ஒரு சிக்கல் எழுந்தது. பல இனங்கள் கலந்து வரும் வலையில் ஒரே ஓர் இனத்தின் ஒதுக்கீடு தீர்ந்தாலும், மற்றவை மிச்சமிருக்க, படகு நிற்க வேண்டும். இது திருட்டுத்தனமாகக் கொட்டத் தூண்டுகிறது. கப்பலில் கண்காணிப்பாளரோ ஒளிப்பதிவுக் கருவியோ இல்லாத இடத்தில் இந்த விதி காகிதத்தில்தான் நிற்கும்.

தூண்டில்காரர்கள் பக்கம்: ஒருவர் குறைவு, எல்லோரும் சேர்ந்தால் அதிகம்

'நான் பிடிப்பது இரண்டு மீன், அதனால் கடல் காலியாகுமா?' என்ற கேள்வி நேர்மையானதுதான். ஆனால் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு மீன் என்ற விதி மொத்தத்தைக் கட்டுப்படுத்தாது. 5,000 பேர் வந்தால் 10,000 மீன்; 20,000 பேர் வந்தால் 40,000 மீன். தொழில் படகுகளுக்கு உரிம எண்ணிக்கை பல இடங்களில் மூடப்பட்டது, தூண்டில் உரிமம் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தது. ஆகவே தலைக்கு இவ்வளவு என்பதோடு மொத்த வரம்பும், அது நெருங்கும்போது பருவத்தை மூடும் ஏற்பாடும் வேண்டும்.

பெரிய மீனைத் தேடுவது இந்தப் பொழுதுபோக்கின் இயல்பு. அதன் விளைவு ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் துறையில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. சுற்றுலாப் படகில் போய்ப் பிடித்த மீன்களைத் தொங்கவிட்டு எடுத்த படங்களை லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். 1956இல் சராசரி எடை சுமார் 19.9 கிலோ. 2007இல் 2.3 கிலோ. படத்தில் நிற்பவர்களின் மகிழ்ச்சி குறையவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே இயல்பான கடலாக எடுத்துக்கொள்கிறது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எச்சரித்தது இதைத்தான்.

பெரிய மீன் போனால் என்ன, சிறியவை இருக்கின்றனவே என்று நினைக்கக் கூடாது. 30 கிலோ எடையுள்ள ஒரு பெட்டைக் காட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெட்டைகள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 28 சிறிய மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தபட்ச நீளம் மட்டும் விதித்தால் பிடிப்பு முழுவதும் இந்தப் பெரிய தாய்மீன்கள் மேல் விழுகிறது. அதனால்தான் சில இனங்களுக்குக் கீழும் மேலும் எல்லை வைக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ரெட் டிரம் மீன் 18 அங்குலத்துக்குக் கீழோ 27 அங்குலத்துக்கு மேலோ இருந்தால் விட்டுவிட வேண்டும். சிறிதாக இருக்கும்போது ஒரு பாதுகாப்பு, வளர்ந்து பெருத்த பிறகு இன்னொரு பாதுகாப்பு. என் பார்வையில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு எழுதப்பட்ட விதிகளில் மிகச் சிறந்தது இதுவே, விடுவிக்கும் மீன் பிழைத்தால்.

பிழைக்கிறதா? அமெரிக்க அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனின் இருப்பை மதிப்பிடுபவர்கள், விடுவித்தவற்றில் 9 சதவீதம் சாவதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். சிறிய எண்போலத் தெரியும். ஒரு பருவத்தில் ஒரு லட்சம் மீன் மாட்டி, 20,000ஐ வைத்துக்கொண்டு 80,000ஐ விட்டால் 7,200 செத்திருக்கும். ஆழ்கடல் மீனில் சாவு 25 சதவீதமாக இருந்தால் 20,000, அதாவது வீட்டுக்குக் கொண்டுபோனதற்குச் சமமான எண்ணிக்கை. விடுவிக்கும் கலையைச் சரியாகக் கற்றுக்கொள்வதுதான் தூண்டில்காரர் கையில் உள்ள மிகப் பெரிய பாதுகாப்புப் பணி.

முதலில் தூண்டில் முள். வட்ட முள்ளின் கூர்முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும் கயிறு இறுகும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஆனால் பழக்கத்தில் தூண்டிலைச் சட்டென்று சுண்டினால் இது வேலை செய்யாது. கயிறு இழுபடுவது தெரிந்ததும் மெல்லச் சுற்ற வேண்டும். முனை பக்கவாட்டில் திரும்பிய முள் ஆழமாக மாட்டும் வாய்ப்பு அதிகம், அதைத் தவிர்க்கவும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கினால் கழற்ற நொடிகள் போதும்.

அடுத்தது நேரம். மெல்லிய கயிற்றில் நீண்ட நேரம் போராடவிட்டால் மீனின் தசையில் அமிலம் ஏறும். நீந்திப் போனதுபோல் தெரிந்தாலும் பின்னால் சாகலாம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் கோடையில் சாவு கூடும். மீனின் அளவுக்கு ஏற்ற தடித்த கயிற்றைப் போட்டு விரைவாகக் கொண்டுவாருங்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுவது எல்லாவற்றிலும் நல்லது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் நனைந்த கையால் தூக்குங்கள். உலர்ந்த கையும் துணியும் மேலுள்ள வழுவழுப்பை வழித்தெடுத்துத் தொற்றுக்கு வழிவிடும். பெரிய மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது, வயிற்றையும் தாங்க வேண்டும். முள் தொண்டைக்குள் போய்விட்டதென்றால் பிடுங்காமல், கயிற்றை முள்ளுக்கு அருகில் நறுக்கிவிடுங்கள்.

ஆழத்திலிருந்து வரும் களவா, சங்கரா போன்றவற்றுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. அங்கிருந்து விரைவாக மேலே வந்தால், மீனை மிதக்கவைக்கும் காற்றுப்பையில் உள்ள வாயு நான்கு மடங்கு விரிகிறது. கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியே வெளியே தள்ளும், விட்டாலும் மூழ்க முடியாமல் மிதக்கும், வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். வெளியே தள்ளியிருப்பதைக் காற்றுப்பை என்று நினைத்துச் சிலர் குத்துகிறார்கள். அது இரைப்பை, குத்தவே கூடாது. சரியான வழி, மீனின் தாடையில் எடை கட்டிய இறக்கு கருவியை மாட்டிப் பழைய ஆழத்துக்கே இறக்கிவிடுவது. நீரின் அழுத்தமே வாயுவைச் சுருக்கும். கருவியில் சில, குறித்த ஆழத்தில் தானே திறக்கும். சில, கயிற்றைச் சுண்டினால் விடுபடும். எடை போதாவிட்டால் மிதக்கும் பெரிய மீன் கருவியையே மேலே இழுத்து நிற்கும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் குறைந்தது 16 அவுன்ஸ், ஏறக்குறைய 450 கிராம் எடை வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். முதல் மீன் மேலே வருவதற்கு முன்பே கருவியைப் பூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். தேடி எடுக்கும் இரண்டு நிமிடத்தில் மீன் போய்விடும்.

பங்குச் சண்டை எப்படி முற்றுகிறது

மெக்சிகோ வளைகுடாவின் சிவப்புச் சங்கரா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கடற்பகுதியில் மொத்த வரம்பில் 51 சதவீதம் தொழிலுக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்குக்கு என்று பிரித்தார்கள். தொழில் பக்கம் 2007இல் தனிப்பங்கு வந்தது. ஒவ்வொரு கிலோவும் எடை போடப்பட்டது. பொழுதுபோக்குப் பக்கம் ஆட்களுக்கு வரம்பு இல்லை, பிடிப்பு மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடப்பட்டது. 2017இல் கூட்டாட்சிக் கடலில், அதாவது மாநில எல்லைக்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பில் உள்ள நீரில், தனியார் படகுகளுக்கான பருவம் முதலில் 3 நாள் என்றே அறிவிக்கப்பட்டது.

இருப்பு மீண்டுகொண்டிருந்த காலத்தில் பருவம் ஏன் சுருங்கியது என்று தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். கணக்கு இதுதான். ஒதுக்கீடு 1,000 டன், மீனின் சராசரி எடை ஒன்றரைக் கிலோ என்றால் சுமார் 6,67,000 மீன் பிடிக்கலாம். இருப்பு தேறி மீன் 3 கிலோவாக வளர்ந்தால் அதே ஒதுக்கீட்டுக்கு சுமார் 3,33,000 மீன் போதும். மீன் மலிந்திருப்பதால் ஒரு பயணத்தில் மாட்டுவதும் இரட்டிப்பானால் ஒதுக்கீடு நான்கு மடங்கு வேகமாகத் தீரும். போதாததற்கு, கரையோர மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் பருவத்தை நீட்டின. அங்கே பிடித்ததும் அதே ஒதுக்கீட்டில்தான் கழிந்தது. யாரும் ஏமாற்றவில்லை. எண்ணுவதற்கான வழி இரு பக்கமும் ஒரே தரத்தில் இல்லாததே கசப்பின் வேர். பிறகு மாநிலங்களுக்குத் தனித்தனி ஒதுக்கீடும், தங்கள் பிடிப்பைத் தாங்களே கணக்கெடுக்கும் பொறுப்பும் தரப்பட்டன.

தூண்டில்காரர்கள் பணமும் தருகிறார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூண்டில் கருவிகள் மீதான வரியை மீன்வள மீட்புக்கே ஒதுக்கியது. கணக்கெடுப்புக்கும் வாழிட மீட்புக்கும் இத்தகைய நிதி இல்லாமல் முடியாது.

மூடிய பகுதிகள்: எங்கே உதவும், எங்கே உதவாது

மீன்பிடிப்பு அறவே இல்லாத பகுதிக்குள் மீன் வயதாகிப் பெருக்கிறது. முட்டையும் குஞ்சும் வெளியே பரவுகின்றன. சில வளர்ந்த மீன்களும் எல்லை தாண்டுகின்றன. ஃபுளோரிடாவில் விண்வெளி ஏவுதளத்தின் பாதுகாப்புக்காக 1962இல் மூடப்பட்ட நீர்ப்பகுதியை அடுத்து, உலகச் சாதனை அளவு மீன்கள் மற்ற கரைகளைவிட அதிகமாகப் பிடிபட்டன. மீனுக்காக மூடப்படாத இடம் தூண்டில்காரர்களுக்குச் சாதனைகளைக் கொடுத்தது. மெக்சிகோவின் கபோ புல்மோவில் 1995இல் அமைந்த பூங்காவில், ஊர்க்காரர்களே காவல் காத்ததால் 1999க்கும் 2009க்கும் இடையே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் உயர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் மீன்பிடிப்பற்ற பகுதி 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 33 சதவீதமாக விரிக்கப்பட்டது.

தோல்விக்கும் காரணங்கள் உண்டு. பகுதி மிகச் சிறிதாக இருந்தால் மீன் தினமும் எல்லையைத் தாண்டிப் பிடிபடும். மொத்தப் பிடிப்பைக் குறைக்காமல் ஒரு பகுதியை மட்டும் மூடினால் படகுகள் எல்லாம் மிச்சப் பகுதியில் குவியும். அழிவு இடம் மாறும், அவ்வளவே. பெருங்கடல் கடக்கும் சூரைக்குச் சிறு வேலி போட்டுப் பயனில்லை. காவல் இல்லாத பகுதி, விதியை மதிப்பவரை மட்டும் வெளியே நிறுத்தி மீறுபவருக்கு லாபம் தரும். 2030க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அது முழுவதும் மீன்பிடிப்புத் தடை என்று பொருளல்ல. எந்தக் கருவி, எந்த மாதம், எந்த ஆழம் என்பது ஒவ்வோர் இடத்திலும் தனியே முடிவாக வேண்டும்.

சில நேரம் இடத்தைவிடக் காலத்தை மூடுவது பலன் தரும். நாசாவ் களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும். அந்தச் சில நாளில் இரண்டு படகு போதும், ஒரு தீவின் இருப்பையே அள்ளிவிட. கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகள் 2003 முதல் அந்தக் கூடுமிடங்களைக் காத்தன. லிட்டில் கேமன் தீவில் கூட்டம் மும்மடங்குக்கும் மேல் பெருகியது. ஆண்டின் மற்ற நாள்களில் இழப்பது குறைவு என்பதால் மீனவரும் இதை ஏற்பது எளிது.

முடிவை முன்கூட்டியே எழுதிவைத்தல்

இருப்பு சரிந்த பிறகு கூட்டம் போட்டு 'எவ்வளவு குறைக்கலாம்' என்று பேசினால் வலுத்தவர் குரல்தான் வெல்லும். கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் நீலத்துடுப்புச் சூரைக்கு 2007ஆம் ஆண்டுக்கான வரம்பாக 29,500 டன் வைக்கப்பட்டது. அறிவியலாளர்கள் சொன்னது 15,000 டன். திருட்டுப் பிடிப்பையும் சேர்த்தால் உண்மை அதைவிட மோசம். பிறகுதான் வரம்பு 2011இல் 12,900 டன்னுக்கு இறங்கியது, குஞ்சுகளைப் பிடிப்பது தடுக்கப்பட்டது, பிடித்த மீனுக்கு ஆவணம் கட்டாயமானது. இருப்பு தேறியது. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை 2021இல் அழிவபாயப் பட்டியலிலிருந்து விலகியது. மறு ஆண்டு நவம்பரில், வரம்பைப் பேரம் பேசி வைப்பதற்குப் பதில், ஆய்வு எண்களைப் போட்டால் மூன்றாண்டுக்கான வரம்பு தானே வரும் ஒரு விதியை நாடுகள் ஏற்றுக்கொண்டன.

அத்தகைய விதி எப்படி இருக்கும்? நம் 10,000 டன் கற்பனை இருப்பையே எடுத்துக்கொள்வோம். கடலில் 5,000 டன்னுக்கு மேல் இருந்தால் ஆண்டு எடுப்பு 900 டன்னைத் தாண்டாது. 5,000இலிருந்து 2,000 வரை இறங்க இறங்க, எடுக்கும் விகிதமும் படிப்படியாகக் குறையும். 2,000க்குக் கீழே போனால் அந்த மீனைத் தேடிப் பிடிப்பது நிற்கும். மற்ற வலையில் தவறி வருவதற்கு மட்டும் ஒரு சிறு ஒதுக்கீடு இருக்கும். விடுவித்த பின் சாகும் மீனையும் கொட்டப்படும் மீனையும் முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதுதான் வலைக்கும் தூண்டிலுக்கும் பிரிக்கப்படும். வெட்டு வந்தால் இருவருக்கும் அதே விகிதத்தில் வரும், இருப்பு தேறினால் அதே விகிதத்தில் திரும்பும். எந்தத் தரப்பு தன் பங்கை மீறினாலும் அடுத்த ஆண்டு அந்தத் தரப்பின் ஒதுக்கீட்டிலேயே அது கழிக்கப்படும். இந்த வரிகளை இருப்பு நன்றாக இருக்கும்போதே, எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் ஆண்டில் எழுதிவிட வேண்டும்.